ஆபீஸிலும் தேடலிலும் ஏஐ: உங்கள் பக்கம் உண்மையில் என்ன மாறியிருக்கிறது? பெங்களூரு நண்பர்கள் எழுதவும்

மாரத்தஹள்ளிக்காரி · சனி, காலை 9:12

மருத்துவக் கருவிகளுக்கு மென்பொருள் செய்யும் ஒரு கம்பெனியில், கையேடு எழுதும் பிரிவில் இருக்கிறேன். போன மாதம் மேனேஜரிடமிருந்து ஒரு மெயில். இனி எந்த ஆவணமானாலும் முதல் ட்ராஃப்டை ஏஐ எழுதும், நாங்கள் ரிவ்யூ செய்து அனுப்ப வேண்டும், அதனால் ஒவ்வொருவரும் முடிக்க வேண்டிய பக்கங்கள் இரண்டு மடங்கு. இரண்டு மடங்கு என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "எல்லா கம்பெனியிலும் இப்ப அப்படித்தான்" என்றார்.

இன்னொரு பக்கம், நாங்கள் எழுதும் உதவிப் பக்கங்களை ஆட்கள் திறப்பதே குறைந்துவிட்டது. பக்கங்களுக்கு மேலே ஒரு சாட்பாட்டை உட்கார வைத்திருக்கிறார்கள். கேள்வியை அதனிடம் கேட்கிறார்கள், அது எங்கள் பக்கத்தைப் படித்துப் பதில் சொல்கிறது. ஆக, எழுதுவதும் ஏஐ, படிப்பதும் ஏஐ, நடுவில் நான்.

"எல்லார் வேலையும் போச்சு", "ஒன்றும் ஆகாது, பயப்படாதீங்க" என்ற இரண்டு பாட்டையும் யூடியூபில் கேட்டுச் சலித்துவிட்டது. உங்கள் ஆபீஸில் என்ன நடக்கிறது, நீங்கள் எப்படித் தேடுகிறீர்கள், அதை எழுதுங்கள்.

பிடிஎம்_பேச்சுலர் · சனி, காலை 9:40

அக்கா, நான் கூகுளில் ஒரு லிங்க்கைத் திறந்தே ரொம்ப நாளாச்சு. மேலே வரும் ஏஐ சுருக்கத்தைப் படிப்பேன், போதவில்லை என்றால் சாட்பாட்டிடம் போவேன். பிஜி விடுதி ஓனருடன் அட்வான்ஸ் தகராறு, ரெஸ்யூமே, சட்டையில் மஞ்சள் கறை, எல்லாவற்றுக்கும் அதுதான்.

ஆனால் ஒன்று. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு இன்டர்வியூ. பிடிஎம் லேஅவுட்டிலிருந்து எப்படிப் போவது என்று கேட்டேன். "அங்கே மெட்ரோ இல்லை, சில்க் போர்டு வந்து பஸ் பிடியுங்கள்" என்று ஜம்பமாகச் சொன்னது. ரூம்மேட் சிரித்துவிட்டான். மஞ்சள் லைன் 2025 ஆகஸ்டிலேயே திறந்தாயிற்று. பிடிஎம் லேஅவுட்டுக்கே ஸ்டேஷன் இருக்கிறது, அங்கே ஏறி எலெக்ட்ரானிக் சிட்டியில் இறங்க வேண்டியதுதான். சில்க் போர்டு டிராஃபிக்கில் நின்றிருந்தால் இன்டர்வியூ அன்றைக்கே முடிந்திருக்கும்.

டோக்கன்_தம்பி · சனி, காலை 10:05

அந்த மெட்ரோ பதிலை வைத்தே ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். இதில்தான் நிறைய பேர் குழம்புகிறார்கள்.

சாட்பாட் பதில் சொல்வதில் இரண்டு வகை. ஒன்று, பயிற்சியின்போது படித்த கோடிக்கணக்கான பக்கங்களின் சாயலை வைத்து, அடுத்து என்ன வார்த்தை வரும் என்று கணித்து எழுதுவது. அந்தப் பயிற்சி ஒரு தேதியோடு நின்றுவிடும். அதற்குப் பிறகு திறந்த மெட்ரோ அதற்குத் தெரியாது. தெரியாது என்பதும் அதற்குத் தெரியாது, அதனால் தயங்காமல் சொல்லும். இன்னொன்று, உங்கள் கேள்வியை எடுத்துக்கொண்டு போய் இணையத்தில் அப்போதைக்குத் தேடி, கிடைத்த நாலைந்து பக்கங்களைப் படித்துச் சுருக்கித் தருவது. இரண்டுமே திரையில் ஒரே மாதிரிதான் தெரியும். பதிலுக்குக் கீழே சுட்டி இருக்கிறதா என்று பாருங்கள். சுட்டி இல்லாத பதிலில் பஸ் ரூட், கட்டணம், கடைசித் தேதி எதையும் நம்ப வேண்டாம்.

இந்த விஷயத்தில் பெரிய ஆளே சறுக்கியிருக்கிறார். 2023 பிப்ரவரியில் கூகுள் தன் பார்ட் சாட்பாட்டை விளம்பரப்படுத்தியபோது, சூரியக் குடும்பத்துக்கு வெளியே உள்ள கோளை முதன்முதலில் படம் எடுத்தது ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி என்று விளம்பரத்திலேயே பதில் வந்தது. உண்மையில் அந்தப் படத்தை 2004-இல் சிலியில் இருக்கும் விஎல்டி தொலைநோக்கி எடுத்துவிட்டது. அந்த ஒரே நாளில் கூகுளின் தாய்க் கம்பெனியான ஆல்பபெட்டின் பங்குச்சந்தை மதிப்பில் சுமார் 10,000 கோடி டாலர் காலி. சாட்ஜிபிடி வந்து மூன்று மாதம்கூட ஆகாத நேரம், அவசரம்.

வரிக்கணக்கு · சனி, காலை 11:20

ஜெயநகரில் ஆடிட்டர் ஆபீஸ். பழைய தகவலால் என்ன ஆகும் என்பதற்குப் பணத்தோடு ஒரு உதாரணம்.

கிளையண்ட் ஒருவர் 80 லட்சத்துக்கு ஃபிளாட் வாங்குகிறார். செலவுக் கணக்கைச் சாட்பாட்டில் போட்டு, பிரிண்ட் எடுத்து, கோடு போட்ட அட்டவணையாகவே கொண்டு வந்தார். பார்க்க எங்கள் ஆபீஸ் தாளைவிட அழகு. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், 80,000 ரூபாய் என்று இருந்தது. கர்நாடகாவில் 2025 ஆகஸ்ட் 31 முதல் அது 2 சதவீதம். ஆக 1,60,000. முத்திரைத்தாள் கணக்கு சரியாக இருந்தது, கூட்டல் சரியாக இருந்தது, ஒரு வரி மட்டும் பழசு. பேங்க் லோன் போக மீதியைக் கச்சிதமாக ஒதுக்கி வைத்திருந்தார் மனுஷன். ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டு 80,000 ரூபாய்க்கு மச்சானுக்கு போன் போட்டிருப்பார்.

ஆபீஸ் விஷயத்துக்கு வருகிறேன். ஜிஎஸ்டி நோட்டீஸ்களுக்குப் பதில் வரைவு எழுத நாங்களும் இதைப் பயன்படுத்துகிறோம், மறைக்கவில்லை. ஏஎஸ்எம்டி-10 என்ற நோட்டீஸ் வந்தால் ஏஎஸ்எம்டி-11 என்ற படிவத்தில் பதில் போட வேண்டும். முன்பு ஆடிட்டர் பயிற்சிக்கு வரும் ஆர்ட்டிகிள் பையன் ஒருவன் முழுநாள் உட்கார்ந்து எழுதியதை இப்போது காபி ஆறுவதற்குள் எழுதித் தந்துவிடுகிறது. இங்கிலீஷ் பிரமாதம். ஆனால் போன வாரம் 2024-25 நிதியாண்டுக்கான ஒரு விவகாரத்தில், வரிக் கோரிக்கை ஜிஎஸ்டி சட்டத்தின் 73-ஆம் பிரிவின் கீழ் வரும் என்று எழுதி அதற்கு இரண்டு பத்தி விளக்கமும் கொடுத்திருந்தது. அந்த நிதியாண்டு முதல் 74ஏ என்ற புதுப்பிரிவு வந்துவிட்டது. பழைய தீர்ப்பு, பழைய கட்டுரை எல்லாம் 73, 74 என்றே பேசுவதால் அதுவும் அப்படியே பேசுகிறது.

நம்மூர்க் கதையே ஒன்று உண்டு. 2024 டிசம்பரில் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் பெங்களூரு அமர்வு ஓர் உத்தரவு போட்டது. அதில் மேற்கோள் காட்டியிருந்த உச்ச நீதிமன்ற, சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் தேடினால் கிடைக்கவில்லை. சில நாளிலேயே உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். ஏஐ செய்த வேலைதான் என்று எங்கள் வட்டாரம் முழுக்கப் பேச்சு. அதற்கு முன்பே 2023-இல் நியூயார்க்கில் இரண்டு வக்கீல்கள் சாட்ஜிபிடி கொடுத்த பொய்த் தீர்ப்புகளைக் கோர்ட்டில் தாக்கல் செய்து 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள்.

ஒயிட்ஃபீல்டு_பிஎம் · சனி, பகல் 12:02

எல்லாரும் குறை மட்டும்தான் சொல்வீர்களா? எனக்கு மீட்டிங் குறிப்பு எடுக்கும் வேலை போயேவிட்டது. யார் எதை எப்போது முடிப்பதாகச் சொன்னார் என்று பட்டியல் வந்துவிடுகிறது. எக்செல் ஃபார்முலா தெரியாமல் டேட்டா டீமுக்கு டிக்கெட் போட்டு இரண்டு நாள் காத்திருந்த காலம் போச்சு. தப்பு வரும், வந்தால் திருத்துவோம். ஜூனியர் எழுதினால் தப்பு வராதா?

அல்சூர்_பெரியவர் · சனி, பகல் 12:45

நான் துரவாணிநகரில் தொலைபேசி செய்த ஐடிஐ தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவன். மேலே ஒயிட்ஃபீல்டு தம்பி சொன்னதில் பாதி சரி. எனக்கு இதில் பெரிய உபகாரம் கன்னட நோட்டீஸ். பேச்சுக் கன்னடம் சரளமாக வரும், அரசாங்கக் கன்னடம் வராது. சொத்து வரி, மின்சார வாரியம், அசோசியேஷன் சுற்றறிக்கை, எது வந்தாலும் போட்டோ பிடித்து "தமிழில் சொல்லு" என்றால் சொல்கிறது. முன்பு இதற்காக எதிர்வீட்டு ராவ் சாரைத் தொந்தரவு செய்துகொண்டிருந்தேன். அவருக்கும் நிம்மதி.

ஆபீஸ் வேலை பற்றி ஒன்று சொல்கிறேன். எங்கள் காலத்தில் டைப்பிஸ்ட் பூல் என்று ஒரு ஹாலே இருந்தது. டைப்ரைட்டிங் லோயர், ஹையர் பாஸ் செய்த பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஆபீசர் கையால் எழுதிக் கொடுப்பார், அவர்கள் அடிப்பார்கள், அடிக்கும்போதே எழுத்துப்பிழை, தேதிப்பிழை எல்லாம் திருத்திவிடுவார்கள். கம்ப்யூட்டர் வந்தது, பூல் போனது. நியாயமாக ஆபீசருக்கு வேலை குறைந்திருக்க வேண்டும் அல்லவா? ஆபீசரே டைப் அடிக்க ஆரம்பித்தார். திருத்துவதற்கு மட்டும் ஆள் இல்லை. தப்பான தேதியோடு போன கடிதங்களை நான் எவ்வளவோ பார்த்திருக்கிறேன்.

வங்கியில் கம்ப்யூட்டர் வரக்கூடாது என்று சங்கங்கள் சண்டை போட்டதும், 1983-இல் நிர்வாகத்தோடு ஒப்பந்தம் போட்டதும் இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. எத்தனை மெஷின், எந்த வேலைக்கு என்பதுவரை உட்கார்ந்து பேசினார்கள். அந்தச் சங்கங்களைப் பிற்போக்கு என்று ஏசியவர்களில் நானும் உண்டு, இன்றும் அவர்கள் செய்தது எல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன். ஆனால் மெஷின் வரும்போது வேலையை எப்படிப் பிரிப்பது என்று கேட்கவாவது ஒரு மேஜை இருந்தது. மாரத்தஹள்ளி அம்மாவுக்கு ஒரு மெயில் வந்தது, அவ்வளவுதான்.

அடுப்படி_வலைப்பூ · சனி, மாலை 3:10

தேடல் பக்கத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று வந்தேன். கே.ஆர்.புரத்தில் இருந்து தமிழில் சமையல் தளம் நடத்துகிறேன். பெரிய வருமானம் இல்லை, விளம்பரக் காசு ஹோஸ்டிங்குக்கும் பையனின் டியூஷனுக்கும் சரியாக இருந்தது. ஏஐ சுருக்கம் இந்தியாவில் 2024 ஆகஸ்டில் வந்தது. அதற்குப் பிறகு தேடலில் என் தளம் முன்புபோலவே முதல் பக்கத்தில் வருகிறது, ஆனால் ஆட்கள் வருவதில்லை.

இது என் பிரமை இல்லை. அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 2025-இல் பார்த்திருக்கிறது. சுருக்கம் இல்லாத தேடலில் 15 சதவீதம் முறை ஆட்கள் ஏதாவது ஒரு முடிவை க்ளிக் செய்கிறார்கள். சுருக்கம் வந்தால் அது 8 சதவீதம். சுருக்கத்துக்குள்ளேயே இருக்கும் சுட்டியைத் தொடுகிறவர்கள் 1 சதவீதம்தான்.

வயிற்றெரிச்சல் அதோடு நிற்கவில்லை. மாவடு ஊறுகாய்க்கு உப்பை நான் எடைக்கணக்கில் எழுதியிருந்தேன். இன்னொருவர் தளத்தில் கப் கணக்கு. சுருக்கத்தில் மாங்காய் என் கணக்கு, உப்பு அவர் கணக்கு. அந்த அளவில் போட்டால் பத்து நாளில் பூஞ்சை பிடிக்கும். கீழே ஆதாரம் என்று என் தளத்தின் பெயர் வேறு. ஒரு அம்மா எனக்கு மெயில் போட்டுத் திட்டினார்.

சாட்பாட் எல்லாம் நம் பக்கங்களைப் படித்துத்தான் பேசுகிறது. படிக்க ஆள் வராவிட்டால் நான் எதற்கு அடுப்படியில் நின்று மூன்று முறை செய்து பார்த்து அளவு எழுத வேண்டும்? கிணற்றில் இறைத்துக்கொண்டே ஊற்றுக்கண்ணை அடைக்கிற கதையாக இருக்கிறது.

பிடிஎம்_பேச்சுலர் · சனி, மாலை 3:25

அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு ரசத்துக்குப் பாட்டி ஊர்க்கதை, விளம்பரம், வீடியோ, நோட்டிஃபிகேஷன் அனுமதி எல்லாம் தாண்டி அளவுக்கு வருவதற்குள் பருப்பு கருகிவிடும். அதனால்தான் எல்லாரும் சுருக்கத்துக்கு ஓடுகிறார்கள்.

அடுப்படி_வலைப்பூ · சனி, மாலை 3:41

உண்மைதான் தம்பி, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஊர்க்கதையை எழுத வைத்ததும் தேடுபொறிதான். நீளமாக எழுதினால்தான் மேலே வரும் என்று, தேடலில் முன்னால் வர வழி சொல்லும் எஸ்இஓ ஆட்கள் எல்லாரும் சொன்னார்கள், எழுதினோம். இப்போது நீளம் அதிகம் என்று சுருக்கித் தருகிறார்கள்.

டோக்கன்_தம்பி · சனி, மாலை 4:30

பெரிய பத்திரிகைகளாவது கோர்ட்டுக்குப் போகின்றன. தன் கட்டுரைகளைக் கேட்காமல் எடுத்துக்கொண்டதாக நியூயார்க் டைம்ஸ் 2023 டிசம்பரில், சாட்ஜிபிடியைச் செய்யும் ஓப்பன்ஏஐ மீது வழக்குப் போட்டது. நம் ஊரில் ஏஎன்ஐ செய்தி நிறுவனம் 2024 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. சமையல் தளம் வைத்திருப்பவர் யாரிடம் போவது?

தமிழுக்கு இதில் இன்னொரு சிக்கல். மாடல்கள் எழுத்தை டோக்கன் என்ற துண்டுகளாக வெட்டித்தான் படிக்கும். கணினியில் ஓர் ஆங்கில எழுத்துக்கு 1 பைட், தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். பழைய மாடல்களில் தமிழ் வாக்கியம் பொடிப்பொடியாக உடைந்தது. 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வந்தபோது ஓப்பன்ஏஐ காட்டிய உதாரணத்திலேயே, முன்பு 116 துண்டாக இருந்த ஒரு தமிழ்ப் பத்தி 35 ஆனது. அதே பத்தி ஆங்கிலத்தில் 27-இலிருந்து 24. நிறுவனங்கள் டோக்கன் கணக்கில்தான் காசு கொடுக்கின்றன, ஆக தமிழில் ஒரு வாடிக்கையாளர் சேவை பாட் வைப்பதற்கு ஆன செலவு சட்டென்று இறங்கியது. தமிழில் பேசும் பாட்கள் திடீரென்று பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத், இங்கே பெங்களூருவில் சர்வம் போன்றவர்களும் இந்திய மொழிகளுக்காகவே வேலை செய்கிறார்கள்.

ஆனால் துண்டு குறைந்தால் மொழி சரளமாக வரும், தகவல் வராது. தமிழில் எழுதியவை குறைவு என்றால் அது ஆங்கிலத்தில் படித்ததைத் தமிழில் சொல்லும். ஒரே கேள்வியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் கேட்டுப் பாருங்கள். சமையலில், விவசாயத்தில், நம்மூர் நடைமுறையில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். அடுப்படி அக்கா எழுதுவதை நிறுத்தினால் மாவடுவுக்கு அடுத்து ஆதாரம் யார்?

நைட்_ஷிஃப்ட் · சனி, இரவு 11:50

இப்போதுதான் பிரேக். பொம்மசந்திரா பக்கம் ஒரு கால் சென்டரில் டீம் லீட். எங்கள் வேலைதான் முதலில் போகும் என்று எல்லாரும் சொல்வதால் நானே எழுதுகிறேன்.

2023-இல் பெங்களூருவின் துகான் ஸ்டார்ட்அப் தலைவர், சப்போர்ட் ஆட்களில் 90 சதவீதத்தை அனுப்பிவிட்டு சாட்பாட் வைத்தோம் என்று ட்விட்டரில் பெருமையாகவே போட்டார். 2024-இல் சுவீடனின் நிதி நிறுவனம் கிளார்னா, தன் சாட்பாட் 700 பேர் வேலையைச் செய்கிறது என்றது. அதே கிளார்னா 2025-இல் தரம் குறைகிறது, மறுபடி மனிதர்களை எடுக்கிறோம் என்றது. ஆகவே ஆள் போவதும் நிஜம், திரும்ப எடுப்பதும் நிஜம். ஆனால் திரும்ப எடுக்கும்போது பழைய ஆளையோ பழைய சம்பளத்தையோ எடுப்பதில்லை.

எங்கள் ஃப்ளோரில் ஆள் குறைப்பைவிட வேறொன்று நடந்திருக்கிறது, அதை வெளியில் யாரும் பேசுவதில்லை. முன்பு வரும் கால்களில் பாதி சுலபமானவை. பாஸ்வேர்டு மறந்துபோச்சு, பில் வரவில்லை, முகவரி மாற்றணும். ஒரு திட்டு வாங்கினால் அடுத்து இரண்டு சுலபமான கால் வரும், மூச்சு விடலாம். இப்போது அந்தச் சுலபமானதெல்லாம் சாட்பாட்டிடம் போய்விட்டது. பாட்டால் முடியாததும், பாட்டோடு இருபது நிமிடம் மல்லுக்கட்டிக் கொதித்துப் போனவர்களும்தான் எங்களிடம் வருகிறார்கள். எடுக்கிற ஒவ்வொரு காலும் எஸ்கலேஷன். ஆனால் ஒரு கால் இத்தனை நிமிடத்தில் முடிய வேண்டும் என்ற ஏஹெச்டி டார்கெட் மட்டும், சுலபமான கால்களும் சேர்ந்திருந்த காலத்தில் போட்டது. அதை யாரும் தொடவில்லை. என் டீமில் நல்ல பெண் ஒருத்தி, மூன்று வருட அனுபவம், போன மாதம் ராஜினாமா செய்தாள். வேலையை எடுத்தது ஏஐ இல்லை, அந்த டார்கெட்.

பாட் சொன்னதற்கு யார் பொறுப்பு என்பதும் எங்கள் தலையில்தான் விடிகிறது. ஏர் கனடா வழக்கைப் படித்திருப்பீர்கள். பாட்டி இறந்து ஊருக்குப் போனவரிடம், டிக்கெட் வாங்கிய பிறகும் துக்கக் கட்டணச் சலுகை கேட்கலாம் என்று அந்தக் கம்பெனியின் பாட் சொன்னது. விதி அப்படி இல்லை. பாட் சொன்னதற்கு நாங்கள் பொறுப்பில்லை, அது தனி ஆள் மாதிரி என்றுகூட வாதாடிப் பார்த்தார்கள். 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் அதை ஏற்காமல் பணத்தைக் கொடுக்கச் சொன்னது.

மாரத்தஹள்ளிக்காரி · ஞாயிறு, காலை 8:30

நைட் ஷிஃப்ட் அண்ணா, உங்கள் ஏஹெச்டியும் என் இரண்டு மடங்கும் ஒன்றுதான் என்று இப்போது புரிகிறது.

ஒயிட்ஃபீல்டு பிஎம் சார், ஜூனியர் எழுதினால் தப்பு வராதா என்றீர்கள். வரும். ஆனால் ஜூனியருக்குப் புரியாத இடத்தில் வாக்கியமும் தடுமாறும். வினைமுற்று எங்கோ போயிருக்கும், ஒரே விஷயத்தை இரண்டு தரம் சொல்லியிருப்பார். ரிவ்யூ செய்கிறவர் கண் தானாக அங்கே நிற்கும். பல வருடமாக நான் பிழை பிடித்ததே அப்படித்தான். ஏஐ எழுதியதில் சரியான வரியும் தப்பான வரியும் ஒரே பளபளப்பு, கண் எங்கும் நிற்பதில்லை.

ஒன்று காட்டுகிறேன். சலைன் பம்ப் கையேடு. அலாரம் ஒலியை எவ்வளவு நேரம் நிறுத்தி வைக்கலாம் என்று ஒரு வரி. புதிய வெர்ஷனில் அந்த நேரத்தைக் குறைத்திருக்கிறார்கள், காரணம் மருத்துவமனையிலிருந்து வந்த ஒரு புகார். ஏஐ பழைய கையேட்டிலிருந்த நேரத்தை எடுத்து, புதிய கையேட்டின் நடையில், சரியான எச்சரிக்கைப் பெட்டிக்குள் அழகாகப் போட்டிருந்தது. படித்தால் ஒரு குறையும் தெரியாது. கருவியின் விவரங்கள் உள்ள ஸ்பெக் ஆவணத்தைப் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒப்பிட்டால்தான் கிடைக்கும். அப்படி ஒப்பிட ஆகிற நேரம், நானே எழுத ஆகிற நேரத்தில் முக்கால்வாசி. மீட்டிங் குறிப்பில் தப்பு வந்தால் ஒருவர் கோபித்துக்கொள்வார். இதில் ஐசியூ.

ஒயிட்ஃபீல்டு_பிஎம் · ஞாயிறு, காலை 9:05

சரி, அந்த விஷயத்தில் உங்களுக்கு முழு மார்க். ஆனால் எல்லா ஆவணமும் சலைன் பம்ப் இல்லையே. வாரச் சுற்றறிக்கைக்கும் அதே கெடுபிடி வேண்டுமா? எங்கே தப்பு வந்தால் பரவாயில்லை, எங்கே வந்தால் ஆபத்து என்று பிரித்துவிட்டு, பரவாயில்லாத இடத்தில் இஷ்டத்துக்கு ஓட விடலாம். உங்கள் மேனேஜர் பிரிக்காமல் விட்டது அவர் சோம்பேறித்தனம். கருவியின் தப்பு இல்லை.

நெறியாளர் · ஞாயிறு, காலை 9:30

புதிய உறுப்பினர் ஒருவர் இங்கே போட்ட நீளமான பதிவை நீக்கியிருக்கிறேன். "இந்த விவாதத்துக்கு ஒரு சமநிலையான பார்வை" என்று தொடங்கி பத்து புள்ளிகளோடு சாட்பாட்டிலிருந்து அப்படியே ஒட்டியது. ஏஐயிடம் கேட்பது உங்கள் விருப்பம், இங்கே உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். கோடிங் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2022 டிசம்பரில், சாட்ஜிபிடி வந்த சில நாளிலேயே இதே தடையைப் போட்டது.

பழைய_டெவலப்பர் · ஞாயிறு, காலை 10:15

நெறியாளர் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்றதும் எட்டிப் பார்த்தேன். தடை போட்டும் என்ன, அங்கே கேள்வி கேட்க வருகிறவர்களே வெகுவாகக் குறைந்துவிட்டார்கள். அங்கே கேட்டால் "இது ஏற்கெனவே கேட்கப்பட்டது" என்று மூஞ்சியில் அடிப்பார்கள். பாட் மரியாதையாகப் பேசுகிறது. அந்தப் பாட் கோடிங் கற்றதே அங்கே ஆட்கள் சண்டை போட்டு எழுதிய பதில்களிலிருந்துதான். அடுப்படி மேடம் சொன்னது எங்கள் துறையில் முன்பே நடந்துவிட்டது.

பிடிஎம் தம்பி, நீ வேலை தேடுகிறாய் என்று தெரிகிறது, அதனால் சொல்கிறேன். 2025 ஜூலையில் டிசிஎஸ் சுமார் 12,000 பேரைக் குறைப்பதாகச் சொன்னது. ஏஐ காரணமில்லை, திறன் பொருந்தவில்லை என்றார்கள். காரணம் எதுவோ இருக்கட்டும். என் டீமில் நான் பார்ப்பது, புதுப்பையன்களுக்குக் கொடுக்கும் சின்ன வேலைகள் இல்லாமல் போகின்றன. சின்ன பக் திருத்துவது, டெஸ்ட் எழுதுவது, பழைய கோடுக்குக் குறிப்பு எழுதுவது. சலிப்பான வேலைதான், ஆனால் நாங்கள் எல்லாரும் கோடு படிக்கக் கற்றது அதில்தான். இப்போது அதை ஏஐ செய்கிறது, அது செய்ததைச் சரிபார்க்க அனுபவமுள்ள ஆள் வேண்டும் என்கிறார்கள். அனுபவம் எந்தக் கடையில் விற்கிறது?

இன்டர்வியூவில் நான் இப்போது கோடு எழுதச் சொல்வதில்லை. ஏஐ எழுதிய ஒரு பக்கம் கொடுத்து, இதில் எது தப்பு, ஏன் என்று கேட்கிறேன். அதற்குத் தயார் செய்துகொள்.

வரிக்கணக்கு · ஞாயிறு, காலை 11:00

ஆர்ட்டிகிள் பையன்கள் விஷயத்திலும் அதே கதை சார். அதனால் என் ஆபீஸில் முதல் வருடப் பையன்கள் கையாலேயே நோட்டீஸ் பதில் எழுத வேண்டும். எழுதி முடித்த பிறகு ஏஐ வரைவைக் கொடுப்பேன், இரண்டையும் ஒப்பிட்டு வித்தியாசம் எழுத வேண்டும். 74ஏ தப்பைப் பிடித்தது ஒரு முதல் வருடப் பெண்தான்.

இன்னொரு எச்சரிக்கை, எல்லாருக்கும். கிளையண்டின் பான், வங்கி ஸ்டேட்மென்ட், சம்பளப் பட்டியல் எதையும் இலவச சாட்பாட்டில் போடாதீர்கள். 2023-இல் சாம்சங் ஊழியர்கள் கம்பெனியின் மென்பொருள் சோர்ஸ் கோடையே சாட்ஜிபிடியில் போட்டு, பிறகு கம்பெனி அதற்குத் தடை போட்டது. நம் நிதி அமைச்சகமும் 2025 ஜனவரியில், அலுவலகக் கணினிகளில் இப்படிப்பட்ட கருவிகளைத் தவிர்க்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியது. ஏர்டெல் சிம் வைத்திருந்தால் பெர்ப்ளெக்சிட்டி ஒரு வருடம் சும்மா, ஜியோவில் ஜெமினி சும்மா, சாட்ஜிபிடி கோ-வும் ஒரு வருடம் சும்மா என்று 2025 பிற்பாதியில் அள்ளி வீசினார்களே, யாரும் சும்மா எதையும் கொடுப்பதில்லை.

அல்சூர்_பெரியவர் · ஞாயிறு, பகல் 12:20

கன்னட நோட்டீஸில் என் சொத்து எண் இருக்கிறதே, அதையும் போடக்கூடாதா?

வரிக்கணக்கு · ஞாயிறு, பகல் 12:28

எண் இருக்கிற இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு போட்டோ எடுங்கள் சார், போதும்.

மாரத்தஹள்ளிக்காரி · ஞாயிறு, மாலை 5:45

எல்லாருக்கும் நன்றி. நாளை மேனேஜரிடம் பேசப் போகிறேன். இரண்டு கேட்கப் போகிறேன். பிஎம் சார் சொன்னபடி ஆவணங்களை ஆபத்து வாரியாகப் பிரிப்பது. நோயாளியைத் தொடும் எதற்கும் இரண்டு மடங்கு கிடையாது. அப்புறம், டைம்ஷீட்டில், ஆவணம் எழுதும் நேரத்தைப் பதிய ஒரு குறியீடு இருக்கிறது, மீட்டிங்குக்கு ஒன்று இருக்கிறது, பிறந்தநாள் கேக் வெட்டுவதற்குக்கூட "டீம் ஆக்டிவிட்டி" என்று ஒன்று இருக்கிறது. ஸ்பெக்கோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. அதற்குத் தனிக் குறியீடு வேண்டும். இல்லாவிட்டால் நான் ராத்திரி வீட்டில் உட்கார்ந்து ஒப்பிடுவது யார் கணக்கிலும் வராது, அடுத்த காலாண்டில் மூன்று மடங்கு என்று மெயில் வரும்.

ஆடிட்டர் சார், உங்களிடம் ஒரு சந்தேகம். வரைவை ஏஐ எழுதுகிறது என்று தெரிந்த பிறகு கிளையண்ட் ஃபீஸைக் குறைக்கச் சொல்லவில்லையா?

வரிக்கணக்கு · ஞாயிறு, மாலை 6:30

சொல்லாமல் இருப்பார்களா? "சாட்ஜிபிடியே எழுதிடுச்சு சார், நீங்க ஒரு கண்ணு பாத்தா போதும்" என்று பாதி ஃபீஸ் பேசினார் ஒருவர். நானும் சம்மதித்தேன், வரைவுக்கு ஒரு பைசா வேண்டாம் என்றேன். பில்லில் "வரைவு" என்ற வரியை எடுத்துவிட்டு "சரிபார்ப்பும் பொறுப்பும்" என்று போட்டேன், தொகையை மாற்றவில்லை. சான்றிதழில் நாங்கள் கையெழுத்துப் போட்டால் அந்தச் சான்றிதழுக்கான யூடிஐஎன் என்ற அடையாள எண் என் பெயரில் ஏறுகிறது, நாளைக்குக் கேள்வி வந்தால் ஆடிட்டர்களுக்கான இன்ஸ்டிடியூட் என்னைத்தான் கூப்பிடும். முனகிக்கொண்டே கொடுத்தார். இன்னொருவர் கொடுக்கவில்லை, தானே தாக்கல் செய்துகொள்வதாகச் சொல்லிப் போய்விட்டார்.

நைட்_ஷிஃப்ட் · ஞாயிறு, இரவு 9:10

மேடம், நாளைக்கு என்ன பதில் வந்தது என்று கண்டிப்பாக இங்கே எழுதுங்கள். எங்கள் இடத்தில் டைம்ஷீட்டே கிடையாது, லாகின் நேரம்தான். ஆனால் சாட்பாட்டிடமிருந்து வரும் கால்களைத் தனி க்யூவாகப் பிரித்து அதற்குத் தனி ஏஹெச்டி கேட்கலாம் என்று தோன்றுகிறது. சிஸ்டத்தில் அந்தப் பிரிவு ஏற்கெனவே இருக்கிறது, ரிப்போர்ட்டில்தான் எடுத்துக் காட்டுவதில்லை. செவ்வாய்க்கிழமை க்ளையண்ட் கால் இருக்கிறது, அதற்கு முன்னால் இரண்டு மாத டேட்டா எடுத்து வைக்கிறேன். ஒயிட்ஃபீல்டு சார், அந்த எக்செல் ஃபார்முலாவைத் தனிச்செய்தியில் அனுப்ப முடியுமா?